கண்ணீர்ப் பொருத்தம்

தெருநாய் என்றதும் "எந்தத் தெருவுங்க?" என்று கேட்ட ஒரே ஆள் என் அனுபவத்தில் பொன்னரங்கம்தான். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு வார்க்கும் ஃபவுண்டரி அவருக்குச் சொந்தம். அதைவிடப் பெரிய கௌரவமாக அவர் நினைத்தது இன்னொன்று. அவர் பாலமலை நாய் வம்சக் காப்புக் கழகத்தின் தலைவர்.

பாலமலை நாய் என்பது வெள்ளை வெளேரென்று, ஒல்லியாக, உயரமாக இருக்கும். மூக்கு நுனி மட்டும் ரோஸ் நிறம். பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. எப்போதோ ஒரு ஜமீனில் இருந்த ஒரே ஒரு கிழட்டு ஆண் நாயின் வாரிசுகள் இவை. அப்பனுக்கு மகளையும் அண்ணனுக்குத் தங்கையையும் சேர்த்துவைத்துச் சேர்த்துவைத்து அந்த வெள்ளையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதற்குப் பாரம்பரியம் என்று பெயர். ஊரில் யாரும் பாலமலை நாய் என்று நீட்டி முழக்குவதில்லை. "சாதி நாய்" என்பார்கள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது சிலருக்கு முதுகு நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

சாதி நாய் என்றால் சாதியை நிரூபிக்க வேண்டுமே. அதற்காக வந்ததுதான் வம்சமானி. வெப்பமானிபோல் கைக்கு அடக்கமான கருவி. நாயின் கண்ணோரத்தைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி அதில் வைத்தால், கண்ணீரில் மிதக்கும் செல்களைப் படித்து நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். முன்பு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஊசி குத்தினால் சாதி நாயும் கடிக்கும் என்பதால் கண்ணீருக்கு மாறினார்கள். கண்காட்சிகளில் நாய் நுழையும் வாசலிலேயே இப்போது இந்தக் கருவியோடு ஒருவர் நிற்கிறார்.

நான் நாய்களுக்குக் கண் அறுவை செய்கிறவள். ஊரில் அதற்கென்று நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பதால் என்னைப் பிடிக்காதவர்களும் என்னிடம்தான் வந்தாக வேண்டும். பெயர் ஜெசிந்தா. அந்தப் பெயரிலிருந்து உருப்படியாக எதையும் கண்டுபிடிக்க முடியாமல் பொன்னரங்கம் பட்ட அவஸ்தையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சொந்த ஊர் எது என்றார். போத்தனூர் என்றேன். போத்தனூரில் எந்தப் பக்கம் என்றார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார் என்றேன். அத்தோடு விட்டுவிட்டு நாயைக் காட்டினார்.

நாயின் பெயர் வீரபாகு. கழகத்திலேயே அதிக மதிப்பெண் வாங்கியது, தொண்ணூற்றொன்பதே முக்கால். அந்த வீரபாகு என் வாசற்படியில் தடுக்கி விழப் பார்த்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த பொன்னரங்கத்தின் மகள் நித்திலாவும் அதே படியில் தடுக்கினாள். இருபத்து மூன்று வயதுப் பெண், எம்.காம். படித்தவள். சாயங்கால வெளிச்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். நான் நீட்டிய காபி டம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தாள். பிறகு தடவி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

நான் பார்த்ததைப் பொன்னரங்கம் பார்த்துவிட்டார். அவளுக்குக் கீரை பிடிக்காது, அதனால் கொஞ்சம் மாலைக்கண் என்றார். குற்றம் முழுக்க அந்தப் பெண்ணுடையது என்பதுபோல் இருந்தது அவர் சொன்ன விதம். பேச்சோடு பேச்சாக, தான் மாமன் மகளைக் கட்டியதையும், தன் அப்பா அத்தை மகளைக் கட்டியதையும், தாத்தாவும் அப்படியே என்பதையும் சொன்னார். சொத்தும் வெளியே போகவில்லை, ரத்தமும் வெளியே போகவில்லை என்று சிரித்தார். எனக்கு நாய்க் கண்தான் தெரியும். ஆனால் விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வரும் நோய் நாய்க்கும் மனிதருக்கும் ஒரே மாதிரிதான் தொடங்கும். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பக்கவாட்டில் தெரியாது. கடைசியில் ஒன்றுமே தெரியாது.

வீரபாகுவைப் பரிசோதித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். விழித்திரை பாதி போய்விட்டது. இன்னும் சில மாதத்தில் முழுக்கப் போய்விடும். வைத்தியம் இருக்கிறது. ஆரோக்கியமான ஒரு நாயின் கன்னத்துக்கு உட்புறம் சுரண்டி எடுத்த செல்களை ஆய்வுக்கூடத்தில் விழித்திரைச் செல்களாக வளர்த்துக் கண்ணுக்குள் நடுவோம். அவை வேர் பிடித்துப் பெருகி, செத்த இடத்தை நிரப்பும். கண்ணீர்ச் சுரப்பியிலும் கொஞ்சம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு புது ஆளைச் சேர்த்துக்கொள்ளாது.

"யாரோட செல்லுங்க?" என்றார்.

தெருநாயுடையது என்றேன். அப்போதுதான் எந்தத் தெரு என்று கேட்டார். சிரித்துவிடக் கூடாது என்று நான் மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

செலவு அவர் விற்கும் ஒரு குட்டியின் விலைதான். தெருநாய்க்கு இந்த நோய் இல்லை, ஏனென்றால் அது யாரோடு சேர்வது என்பதைக் கழகத்தைக் கேட்டு முடிவு செய்வதில்லை. இதையும் சொன்னேன். அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். கண்ணீர்ச் சுரப்பியில் தெருநாய்ச் செல் வைத்தால் கண்ணீர் கலந்துவிடும். கண்ணீர் கலந்தால் வம்சமானி காட்டிக் கொடுத்துவிடும்.

"நம்ம வம்சத்துச் செல்லே வெச்சா என்னங்க?"

"வெக்கலாம். ஆனா அதுலயும் இதே குறை இருக்கும். குறையைத் திருத்தி வளர்க்கணும். ஒரு கார் விலை ஆகும்."

"ஆகட்டுமுங்க."

"திருத்தினா மார்க்கு குறையும்."

அவருக்குப் புரியவில்லை. நிதானமாகச் சொன்னேன். வம்சமானி எதைச் சுத்தம் என்று வைத்துக்கொண்டிருக்கிறது? அந்த ஜமீன் நாயின் பதப்படுத்திய தோலிலிருந்து எடுத்த மரபணுவை. அதோடு எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு மதிப்பெண். அந்த ஜமீன் நாய் கடைசிக் காலத்தில் குருடாகிக் கிணற்றில் விழுந்து செத்தது என்பதைக் கழகத்தின் மலரிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அதன் குறையும் சேர்ந்துதான் நூறு.

அவர் வீரபாகுவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நூத்துக்கு நூறு வாங்கற நாயிக்கு?"

"கண்ணு தெரியாதுங்க."

இந்த இடத்தில் சாதாரண மனிதன் வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். பொன்னரங்கத்தின் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அப்படியானால் திருத்தாமலே வளர்த்து வைத்துவிடலாமே என்றார். குருட்டுக் கண்ணுக்குள் கார் விலை கொடுத்துக் குருட்டுச் செல்லை நடச் சொல்கிறார். முடியாது என்றேன். பெங்களூரில் ஒரு கம்பெனி முடியும் என்றது. பணம் வாங்கிக்கொள்ள முடியும் என்பதைத்தான் அவர்கள் சொன்னார்கள். வீரபாகு இரண்டு மாதம் பிரகாசமாகப் பார்த்தது. பிறகு படிப்படியாகப் பழைய இருட்டுக்கே போய்ச் சேர்ந்தது. மதிப்பெண்ணில் மட்டும் கால்கூடக் குறையவில்லை. அதற்குக் கழகத்தில் பாராட்டுக் கூட்டம் நடந்தது, பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் நாய் மைக் ஸ்டாண்டில் முட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் நித்திலா தனியாக, டிரைவரோடு, வீரபாகுவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நட்ட நடுப் பகல். அப்போதும் கதவு நிலையைத் தடவித்தான் உள்ளே வந்தாள். டிரைவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, தனக்குத் தையில் கல்யாணம் என்றாள். மாப்பிள்ளை அவள் அப்பாவின் அத்தைக்குப் பேரன். கண்ணீர்ப் பொருத்தம் தொண்ணூற்றெட்டாம்.

கண்ணீர்ப் பொருத்தம் என்பது என்ன என்று உங்களுக்குச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நாய்க்குச் செய்த கருவியைப் பார்த்துவிட்டு மனிதர்களுக்கும் ஏன் செய்யக் கூடாது என்று ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது. நாயிடமிருந்து கற்றுக்கொள்ள எவ்வளவோ நல்ல விஷயம் இருக்க, நம் ஆட்கள் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சங்கமும் தனக்கென்று ஒரு மூலக் குடும்பத்தைப் பிடித்து வைத்து அதை நூறு என்று அறிவித்தது. அரசாங்கம் தடை செய்தது. உடனே அது சமையலறைக்குள் போய்விட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொன்ன காலமெல்லாம் போய், இப்போது சின்ன வெங்காயம் உரிக்கச் சொல்கிறார்கள். பெண் உரிப்பாள். கண் கலங்கும். மாப்பிள்ளையின் அத்தையோ சித்தியோ பாசமாகப் பக்கத்தில் வந்து, கண்ணைத் துடைத்துவிடுவதுபோல் பஞ்சால் ஒற்றிக்கொண்டு போவாள். ஜாதகம் அதற்கப்புறம்தான்.

நித்திலா வெங்காயம் உரித்தது பகலில், ஜன்னல் ஓரமாக. அவளுக்குக் கண் சரியில்லை என்பது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. வீட்டுப் படிகளை எண்ணி வைத்துக்கொண்டு சமாளிக்கிறாள். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று அம்மா தினமும் கடைந்து போடுகிறாள். அப்பாவிடம் டாக்டரிடம் போகலாம் என்று கேட்டிருக்கிறாள். கல்யாணம் முடியட்டும் என்றாராம்.

"எனக்கும் வீரபாகுவுக்கும் ஒரே வியாதிதானுங்களா டாக்டர்?" என்றாள்.

ஏறக்குறைய அதேதான் என்றேன். மனிதர்களுக்கும் இதே வைத்தியம் இருக்கிறது, என்னோடு படித்த தோழியின் தம்பி ஒரு கண் மருத்துவமனையில் இதைத்தான் செய்கிறார், செல் வங்கியில் சொந்தமில்லாத ஒருவருடைய செல்லை வாங்கி வைப்பார்கள் என்று சொன்னேன். தள்ளிப்போட்டால் நடுவதற்கு நிலமே மிஞ்சாது என்பதையும் மறைக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அவள் அழவில்லை. நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மொதல்ல இவனுக்குப் பண்ணுங்க. தெருநாய்ச் செல்லே வெச்சுப் பண்ணுங்க. இவன் பாத்துட்டான்னா நானும் போறேன்."

அப்பா சம்மதிக்க வேண்டுமே என்றேன். வருமான வரிக்காக அப்பா நாயை எழுதி வைத்திருப்பது மகளான தன் பெயரில்தான் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற டிரைவர் எட்டிப் பார்த்தார்.

எங்கள் மருத்துவமனைக்கு எதிரே பேக்கரி வாசலில் செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை நாய் கிடக்கும். ஒரு காது பாதிதான் இருக்கும். ரோட்டைக் கடக்கும்போது பஸ் டிரைவர்களே அதற்காக வேகத்தைக் குறைப்பார்கள், அவ்வளவு தெளிவாக நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போகும். ஒரு வர்க்கி கொடுத்துக் கன்னத்துக்குள் சுரண்டிக்கொண்டேன். அந்தச் செல்தான் வீரபாகுவின் இரண்டு கண்ணுக்குள்ளும் போனது.

வேர் பிடிக்க ஆறேழு வாரம் ஆனது, அதுவரை கண் புண் என்று அப்பாவிடம் சொல்லி நித்திலா நாயை என்னிடமே விட்டுவைத்தாள். கட்டுப் பிரித்த அன்று வீரபாகு முதலில் பார்த்தது என் சுவரில் இருந்த பல்லியை. அரை மணி நேரம் அதையே பார்த்தது. நித்திலா நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதாவது நாய் இருக்கும் திசையை. பிறகு அந்தக் கண் மருத்துவமனையின் விலாசத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

நாய்க்குக் கண் தெரிந்ததும் பொன்னரங்கம் எனக்கு அரைக் கிலோ மைசூர்பா கொண்டுவந்தார். நன்றி சொல்ல என்று நினைத்தேன். இல்லை. பெங்களூர்க்காரர்கள் வைத்த செல் இப்போதுதான் வேலை செய்கிறது, சுத்த ரத்தம் எப்போதும் கொஞ்சம் நிதானமாகத்தான் எழும்பும் என்று எனக்குப் பாடம் நடத்த வந்திருந்தார். கேட்டுக்கொண்டேன். நடந்ததைச் சொல்ல வேண்டியது நாயின் சொந்தக்காரி, அவள் இன்னும் சொல்லவில்லை என்பது தெரிந்தது. மைசூர்பா நன்றாக இருந்தது.

அவருக்கு விஷயம் தெரிந்தது கழகத்தின் ஆண்டுக் கண்காட்சி வாசலில். வம்சமானி எழுபத்தொன்று என்றது. கருவி கெட்டுவிட்டது என்று வேறு கருவி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதுவும் எழுபத்தொன்று. பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் நாய்களைக் கயிற்றை இழுத்துத் தள்ளி நிறுத்திக்கொண்டார்களாம், ஏதோ தொற்றிக்கொள்ளும் என்பதுபோல். அன்றே தலைவர் பதவி போனது. வீரபாகுவை ஃபவுண்டரிக் காவலுக்கு அனுப்பினார். அங்கே தொழிலாளர்கள் சாப்பாட்டில் பங்கு கொடுத்தார்கள், மண் மேட்டில் புரள விட்டார்கள். வெள்ளை நிறம் போய் ஒரு மாதிரிச் சாம்பல் ஆனது. அந்த நாயை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நித்திலா, சிநேகிதி கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போய் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டாள். செலவுக்குத் தன் இரண்டு வளையலை விற்றாள். பிறகு வீட்டுக்கு வந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கண் வலி என்று சொல்லிக் காத்திருந்தாள். ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கும்போது எது சிவப்பு, எது அரக்கு என்று பிரித்துப் பார்க்க முடிந்ததாம். அன்றைக்கு எனக்கு போன் செய்து அரக்கு, அரக்கு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் வந்தார்கள். நாய் விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. நாயிலேயே கலப்படம் செய்த வீடு என்றால் எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று பெரியவர்கள் அபிப்பிராயப்பட்டார்களாம். பொன்னரங்கம் தாராளமாகப் பாருங்கள் என்றார். முறத்தில் வெங்காயம் வந்தது. உரிக்க உட்கார்ந்ததும் ஒவ்வொரு தோலும், தோலில் ஓடும் கோடும் தனித்தனியாகத் தெரிந்ததில் நித்திலாவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த முறை வெங்காயமே தேவைப்படவில்லை என்றாள் என்னிடம். மாப்பிள்ளையின் சித்தி பஞ்சால் ஒற்றிக்கொண்டு போனாள்.

அறுபத்துநான்கு.

வந்தவர்கள் இலை போட்ட பந்தியில் உட்காராமல் எழுந்து போனார்கள். பொன்னரங்கம் மனைவியை ஒரு பார்வை பார்த்தாராம். முப்பது வருடம் அவரோடு குடித்தனம் நடத்தி, அவருடைய மாமன் மகளாகவே பிறந்த அந்த அம்மாளை. அதைப் பார்த்தபிறகுதான் நித்திலா தான் செய்துகொண்டதைச் சொன்னாள். அம்மாவைக் காப்பாற்றத்தான் சொன்னேன், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் அவரைக் குழம்ப விட்டிருப்பேன் என்றாள். இந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாள் காலையில் பொன்னரங்கம் என் அறைக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. இரவு தூங்கவில்லை போலும். உட்கார்ந்ததும் அந்தச் செல் யாருடையது என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்றார். வங்கியில் சொல்ல மாட்டார்கள் என்றேன். எந்த ஊர் என்றாவது தெரியுமா, சேலம் பக்கமா, தெற்கத்தி ஆளா என்றார். தெரியாது என்றேன். நாற்காலியை மேஜைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"எடுத்தற முடியுங்களா, டாக்டரம்மா?"

"எதை?"

"அந்தச் செல்லை. நாயிக்கு வெச்சது நீங்கதானுங்க. எடுக்கறதுக்கும் உங்களுக்கு வழி தெரிஞ்சிருக்கும். அந்த ஆஸ்பத்திரில கேட்டா என்னைய வெளிய தள்றாங்க."

"சுரப்பியில மட்டும் எடுத்தாலும் கண்ணு போயிருமுங்க."

"தெரியுமுங்க." குரலைத் தாழ்த்தினார். "தை மாசம் வரைக்குந்தான். வேற எடத்துல சொல்லி வெச்சிருக்கறேன், நல்ல எடம். கல்யாணம் முடிஞ்சு புள்ளை அவங்க ஊட்டுக்குப் போனதுக்கப்பறம் மறுபடியும் வெச்சுக்கட்டும். செலவு எவ்வளவானாலும் நான் பாத்துக்கறனுங்க."

தெருநாய்ச் செல்லுக்கு ஒரு குட்டி விலை கொடுக்க மறுத்தவர், மகளின் கண்ணைப் பிடுங்க எவ்வளவானாலும் தருகிறேன் என்கிறார். பேசும்போது அவர் கண் நிறைந்திருந்தது. மகள்மேல் பிரியம் இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனையும் பிரியம்தான். இத்தனை வருடத்தில் நாயின் கண்ணில் எத்தனையோ சீழையும் புழுவையும் கை கூசாமல் எடுத்திருக்கிறேன். அந்தப் பிரியத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அவருக்குப் பின்னால் பார்த்தேன். வீரபாகுவுக்குக் காது மருந்து வாங்க நித்திலா வந்திருந்தாள். நிலையைத் தடவாமல், நாற்காலியில் முட்டாமல் வந்து நின்றிருந்தாள். மகள் வருவதை இத்தனை காலமும் அவள் மோதிக்கொள்ளும் சத்தத்தில்தான் அவர் தெரிந்துகொண்டிருந்தார். இப்போது அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேரம் படியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, வேண்டுமானால் ஒரு கண்ணில் மட்டுமாவது எடுத்தால் போதும், அந்தப் பக்கம் மட்டும் ஒற்றச் சொல்லிவிடலாம் என்றார்.

"சொல்லுங்கப்பா," என்றாள் நித்திலா. "நான் பாத்துட்டுத்தான் இருக்கறேன்."